மஸ்கடே வைனுக்கு எந்தச் சாப்பாடு?

கேள்வி: மஸ்கடேங்கிற பிரெஞ்சு வெள்ளை வைன் பாட்டிலில் ‘சுர் லீ’ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன? ஆய்ஸ்டர் சிப்பியோட குடிச்சா வைன் சப்புன்னு இருக்கு, ஏன்?

பதில் 1: நொதிச்சு முடிஞ்சதும் ஈஸ்ட் வண்டலை எடுக்காம, குளிர்காலம் முழுக்க வைனை அதன் மேலேயே விட்டுவைப்பாங்க. அதுதான் சுர் லீ. நாக்கில் லேசா சுருக்குன்னு இருந்தா கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, அது தங்கிப்போன கரியமில வாயு.

சப்புன்னு ஆக்குறது சிப்பி மேல ஊத்துற வெங்காய வினிகர். அந்தப் புளிப்பு முன்னாடி வைனோட புளிப்பு எடுபடாது. சிப்பிக்குள்ள இருக்கிற உப்புநீரே போதும்.

பதில் 2: ரொம்ப ஜில்லுன்னு இருந்தாலும் மணம் எழும்பாது. 8–10 டிகிரி சரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளிய வைங்க.

பதில் 3: பிரான்ஸ்ல நாந்த் நகரத்துப் பக்கம் செய்யிற ‘பர் பிளான்’ங்கிற வெண்ணெய் சாஸும் இந்த வைனுக்குப் பொருந்தும். பொடியா நறுக்கின சின்ன வெங்காயம் 4, வினிகர் 50 மிலி, மஸ்கடே 100 மிலி. 2 மேசைக்கரண்டி ஆகுற வரை சுண்டவிட்டு, 200 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுதுண்டா போட்டு அடிங்க. கொதிச்சா நெய் பிரிஞ்சிடும். இங்க வினிகர் இருந்தாலும் வெண்ணெய் அடக்கிடும். ஆவியில் வெந்த மீன் மேல ஊத்துங்க.