மறு: சூழல் டி.என்.ஏ.வா, உதிர் டி.என்.ஏ.வா?

> 'சூழல் மரபணு' ஏற்கெனவே புழங்குகிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

குழுவினருக்கு வணக்கம். நீர், மண் போன்றவற்றில் கிடைக்கும் டி.என்.ஏ.வைக் கொண்டு அங்கே எந்த உயிரி உண்டு என்று அறிகிறார்கள்; ஆங்கிலத்தில் environmental DNA (eDNA) எனப்படும் அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி.

நம் பாடநூல்களில் மரபணு என்றால் ஜீன். குளத்து நீரில் தேடுவதோ தோல், சளி, கழிவு வழியாக உயிரி விட்டுச்சென்ற டி.என்.ஏ.வின் சிதைந்த துண்டுகளை. ஆகவே மரபணு வேண்டாம். 'சூழல்' என்று போட்டாலும் குளத்துக்கே ஒரு டி.என்.ஏ. இருப்பதுபோல் ஒலிக்கிறது. 'உதிர் டி.என்.ஏ.' என்று வைக்கலாம்.

பல்கலைக்கழகமும் உள்ளூர்க் குழுவும் சேர்ந்து ஆய்வு செய்யும்போது நீரை அள்ளுபவர் பெரும்பாலும் தன்னார்வலர். அவர் கையில் இருக்கும் செய்முறைத் தாளில் இந்தச் சொல் வரும். பிரிட்டனில் பெருங்கொண்டை நியூட் என்ற இருவாழ்விக்காக 2013இல் நடந்த ஆய்வு நல்ல சான்று. கென்ட் பல்கலைக்கழகமும் பிரெஷ்வாட்டர் ஹேபிடாட்ஸ் டிரஸ்ட் போன்ற அமைப்புகளும் பிரான்சின் ஸ்பைஜென் ஆய்வகமும் கைகோத்தன. ஆய்வாளர்கள் நியூட் வாழும் 35 குளங்களில் எடுத்த மாதிரிகளில் 99.3 விழுக்காடு அதைக் காட்டிக்கொடுத்தன; பாட்டில் பொறி 76, இரவில் விளக்கடித்து எண்ணுவது 75 விழுக்காடுதான். தன்னார்வலர்கள் 239 இடங்களில் எடுத்தவற்றில் ஏறத்தாழ 91 விழுக்காடு சரியாக வந்தது.

செய்முறை எளிது. குளத்தைச் சுற்றி 20 இடங்களில் கரண்டியால் 30 மி.லி. வீதம் அள்ளி ஒரே பையில் சேர்க்க வேண்டும். கையுறையை மாற்றிவிட்டு, பையை நன்றாகக் குலுக்கி, எத்தனால் உள்ள 6 குழாய்களில் 15 மி.லி. வீதம் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால் மறுபடி குலுக்காவிட்டால் டி.என்.ஏ. அடியில் தங்கிவிடும். காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, அதாவது இனப்பெருக்கப் பருவம்.

தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. நீரில் இந்த டி.என்.ஏ. ஓரிரு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம் நிற்கும். சேற்றில் அதைவிட நெடுநாள் கிடக்கும். சேறு கலங்கினால், நியூட் எப்போதோ போய்விட்ட குளமும் 'உண்டு' என்று சொல்லும். பக்கத்துக் குளத்தில் நனைந்த பூட்ஸும் இதே பிழையைச் செய்யும். 'உதிர்' என்ற சொல்லைப் படித்தவருக்கு இந்த விதிகளின் காரணம் பாதி புரிந்துவிடும். 'சூழல்' அதைச் சொல்லாது.

~~~

> 'உதிர் டி.என்.ஏ.' என்று வைக்கலாம்.

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, தன்னார்வலர் தாளுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் முழுக் கருத்துக்கும் அதைப் போட முடியாது. 1987இலேயே படிவு மண்ணிலிருந்து நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். அங்கே செல் முழுசாகவே மாதிரிக்குள் வந்துவிடுகிறது, உதிர்வதற்கு எதுவும் இல்லை. குளத்து நீரிலும் பாசி, நுண்விலங்குகள் அப்படித்தான். 2008இல் பிரான்சில் அமெரிக்கக் காளைத் தவளையை நீர் மாதிரியிலிருந்தே கண்டுபிடித்த பிறகுதான் பெரிய உயிரிகளின் பக்கம் இந்தச் சொல் பரவியது.

'உதிர்' இன்னொரு எண்ணத்தையும் தரக்கூடும்: உயிரி அங்கேயே இருந்து உதிர்த்தது என்று. வாத்தின் காலில் ஒட்டியும் அது குளம் மாறும். 'உண்டு' என்ற முடிவு ஆய்வகத்தில் 12 மறுசோதனைகளில் ஒன்றே ஒன்று காட்டினாலும் எழுதப்படுகிறது. அதனால் இந்த எச்சரிக்கை தாளில் தனியாக இருக்கட்டும்.

என் யோசனை: பொதுச்சொல் 'சூழல் டி.என்.ஏ.', உடலை விட்டு நீங்கிய பகுதிக்கு மட்டும் 'உதிர் டி.என்.ஏ.'. ஆங்கில ஆய்வுகளிலும் இவ்விரண்டையும் இப்போது பிரித்துப் பேசுகிறார்கள். கூடவே இன்னொன்றும் தேவை. மாதிரி கெடாமல் வந்ததா என்று பார்க்கக் குழாயில் முன்பே ஓர் அடையாள டி.என்.ஏ.வை இடுவார்கள். நியூட்டின் டி.என்.ஏ. கிடைக்காமல், இந்த அடையாளமும் சிதைந்திருந்தால் 'உண்டு', 'இல்லை' இரண்டும் சொல்லாமல், முடிவு சொல்ல இயலாது என்று ஆய்வகம் எழுதிவிடும். அந்த மூன்றாம் முடிவைச் சிலர் 'எதிர்மறை' என்றே எழுதிவிடுகிறார்கள், அது பெரிய பிழை. 'முடிவுறா மாதிரி' பொருந்துமா?