வாட்ஸ்அப்பில் போனாலும் பிரின்ட் ஆனாலும் வாட்டர்மார்க் காணாமல் போகிறது, உதவி தேவை

மாடவீதி_ஒளி:
எல்லோருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். பங்குனி உற்சவம், அறுபத்து மூவர், தெப்பம் என்று வருடா வருடம் எடுக்கிற படங்களைக் கேட்பவர்களுக்குப் பெரிய பிரின்டாகவும் கொடுப்பேன், ஃபைலாகவும் கொடுப்பேன். இந்த வருடம் ஒரு மாத காலண்டரில் என்னுடைய அதிகார நந்தி படம் அப்படியே வந்திருக்கிறது. பெயர் போட்டிருந்த மூலையை மட்டும் பொறுமையாக வெட்டியிருக்கிறார்கள். யாருக்குக் கொடுத்த காப்பியிலிருந்து இது வெளியே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மாதிரி நடக்கும் என்றுதான் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் போட்டு வந்தேன். பைத்தானில் ஓர் இலவச நிரல், டிடபிள்யூடி-டிசிடி முறை (படத்தை அலைகளின் கூட்டாகப் பிரித்து அவற்றில் எழுதும் கணக்கு), வாடிக்கையாளர் எண்ணைப் படத்துக்குள் எழுதிவிடும். என் கம்ப்யூட்டரில் திறந்து படித்தால் எண் சரியாக வருகிறது. அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இறக்கி, படித்தால் வெறும் குப்பை எழுத்துகள். லேபில் 12க்கு 18 பிரின்ட் போட்டு ஸ்கேன் செய்தாலும் அதே கதை. காலண்டரையும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. சில படங்களை 25 பிரதி மட்டும் என்று எண் போட்டு, கூடவே ஒரு சான்றிதழும் வைத்து விற்கிறேன். அந்தச் சான்றிதழைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, யாரோ போட்ட பிரின்டோடு சேர்த்து விற்றிருக்கிறார்கள். ஜெராக்ஸ் என்றால் பார்த்ததும் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? செலவு கையைக் கடிக்கக் கூடாது.

பிக்சல்_பித்தன்:
ப்ரோ, அந்த நிரல் எந்த சேனலில் எழுதுகிறது என்று பாருங்கள். அப்புறம், வாட்டர்மார்க் போடும்போது படம் எத்தனை பிக்சல், வாட்ஸ்அப்பில் இறக்கியதும் எத்தனை பிக்சல்?

மாடவீதி_ஒளி:
செட்டிங்கில் ஒய்யுவி என்றும் அதில் யு என்றும் இருக்கிறது. 6000க்கு 4000 ஃபைலில் போடுகிறேன். இறக்கிய ஃபைல் 1600 அகலம் என்று காட்டுகிறது.

பிக்சல்_பித்தன்:
இரண்டு இடத்திலும் அடி வாங்கியிருக்கிறது. ஒய் என்பது வெளிச்சம், யு, வி இரண்டும் நிறம். நம் கண் நிறத்தில் வரும் நுணுக்கமான மாற்றத்தைச் சரியாகப் பிடிக்காது என்பதால் யு-வில் எழுதினால் வெளியே தெரியாது, ஆனால் அதே காரணத்துக்காகத்தான் ஜேபெக்கும் முதலில் நிறத்தில் கை வைக்கிறது. பெரும்பாலும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்பைத்தான் வைத்துக்கொள்ளும், அதையும் வெளிச்சத்தைவிடக் கரடுமுரடாக ரவுண்ட் செய்யும். நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

மிச்சம் இருப்பதை அளவு மாற்றம் கெடுக்கிறது. உங்கள் நிரல் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பிட் என்று எழுதுகிறது. 6000 பிக்சல் 1600 ஆனதும் அந்தக் கட்டங்களின் எல்லை எங்கேயோ போய்விடும். கோலத்தில் புள்ளி வரிசை தள்ளிப்போன பிறகு அதே இழையைப் போட முயல்கிற மாதிரி, படிக்கிற நிரல் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். பிரின்டில் இதோடு சாய்வு, ஓரம் வெட்டு, திரையின் ஆர்ஜிபி நிறம் அச்சு மையின் சிஎம்ஒய்கே ஆகிற மாற்றம் எல்லாம் சேர்கிறது. சான்றிதழை நீங்களே அடிக்கிறீர்கள் என்றால் பிரின்ட் பெட்டியில் ‘ஃபிட் டு பேஜ்’ டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், சத்தமில்லாமல் சில சதவீதம் சுருக்கிவிடும்.

முதல் வேலையாக, ஃபைலாகக் கொடுக்கிற படத்தை 1600-க்குச் சுருக்கிவிட்டு அதன் பிறகு வாட்டர்மார்க் போடுங்கள், அதுவும் ஒய் சேனலில். வாட்ஸ்அப் மேற்கொண்டு சுருக்க வேண்டியிருக்காது, ஜேபெக் அழுத்தத்தை மட்டும் தாங்கினால் போதும். டாக்குமென்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், ஆனால் வாங்கியவர் அடுத்தவருக்கு எப்படி அனுப்புவார் என்பது நம் கையில் இல்லையே.

சுண்டல்_பார்சல்:
ஒவ்வொரு பிக்சல் எண்ணின் கடைசி பிட்டில் எழுதுகிற எல்எஸ்பி முறை இன்னும் எளிது, எதற்கு இவ்வளவு சுற்று?

பிக்சல்_பித்தன்:
எல்எஸ்பி ஒரு தடவை ஜேபெக்காகச் சேமித்தாலே போச்சு. ஃபைலை யாராவது தொட்டார்களா என்று கண்டுபிடிக்க அந்த உடையும் குணம் பயன்படும். திருடனைத் தேட உதவாது.

கிண்டி_சிக்னல்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியிலேயே ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அசல் படம் உங்களிடம் இருக்கிறதா?

மாடவீதி_ஒளி:
கேமரா பதிந்த மூல ஃபைல், அதாவது ரா ஃபைல், எல்லாம் இருக்கிறது சார். யாருக்கு எந்த வெர்ஷன் கொடுத்தேன் என்பதும் நோட்டில் இருக்கிறது.

கிண்டி_சிக்னல்:
அப்படியென்றால் அசல் இல்லாமல் படிக்கிற முறையைக் கட்டிக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? முன்பின் பார்க்காத படத்திலிருந்து வாடிக்கையாளர் எண்ணைப் பிழையில்லாமல் வெளியே எடுப்பது கடினமான கணக்கு. உங்களுக்கு அது தேவையே இல்லை. உங்கள் நோட்டில் இருக்கிற பெயர்களில் இந்தக் காப்பி யாருடையது என்று தெரிந்தால் போதும், அது இன்னும் சுலபம்.

1997-இல் காக்ஸ், கிலியன், லெய்டன், ஷமூன் நான்கு பேர் எழுதிய கட்டுரையின் வழி இது. படம் முழுவதற்கும் ஒரே டிசிடி போடுங்கள், கட்டம் கட்டமாக அல்ல. சராசரி வெளிச்சத்தைக் குறிக்கும் முதல் எண்ணை விட்டுவிட்டு, மிகப் பெரிய 1000 குணகங்களை (ஒவ்வொரு அலையும் எவ்வளவு இருக்கிறது என்ற எண்கள்) எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சீரற்ற எண் தொடரின்படி கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். ஆளுக்கு ஒரு தொடர். எவ்வளவு மாற்றுவது என்பதைக் குறிக்கும் பலம் எண்ணாக அவர்கள் வைத்தது 0.1. பெரிய குணகங்களில்தான் படத்தின் உருவமே இருக்கிறது, அதை அழிக்க நினைப்பவர் படத்தையே கெடுத்தாக வேண்டும். மறைவான மூலையில் ஒளித்து வைக்கலாம் என்று நமக்குத் தோன்றும், அந்த மூலையைத்தான் ஜேபெக் முதலில் பெருக்கித் தள்ளும்.

அதே கட்டுரையில் வாட்டர்மார்க் போட்ட படத்தைப் பிரின்ட் எடுத்து, அந்தப் பிரின்டை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை 300 டிபிஐ-இல் ஸ்கேன் செய்தும் சோதித்தார்கள். தப்பித்தது. ஐந்து பேருடைய காப்பிகளைச் சராசரி எடுத்துக் கலந்தபோதும் ஐந்து பேரும் அகப்பட்டார்கள்.

கண்டுபிடிப்பது இப்படி: சந்தேகப்படுகிற ஸ்கேனை எடுத்து, ஓபன்சிவி என்ற இலவசப் பட நிரல் தொகுப்பில் ஓஆர்பி முறையால் இரண்டு படத்திலும் ஒத்த புள்ளிகளைப் பொருத்தி, ஹோமோகிராஃபி (கோணலாகத் தெரியும் தளத்தை நேராக்கும் கணக்கு) போட்டு, உங்கள் அசலின் மேல் ஒட்டுகிற மாதிரி நிமிர்த்துங்கள். சாய்வு, அளவு, வெட்டு எல்லாம் இங்கே சரியாகிவிடும், வெட்டுப்பட்ட ஓரத்தை அசலிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். அப்புறம் வெளிச்சத்தைச் சமப்படுத்தி, இரண்டின் டிசிடி-யையும் கழித்து, மிஞ்சியதை ஒவ்வொரு வாடிக்கையாளரின் தொடரோடும் ஒப்பிடுங்கள். கூடவே யாருக்கும் கொடுக்காத 1000 போலித் தொடர்களோடும் ஒப்பிட வேண்டும். போலிகள் எல்லாம் தரையோடு கிடக்க, ஒரு பெயர் மட்டும் தனியாக எழுந்து நின்றால் அவர்தான். இரண்டு பெயர் அரைகுறையாக எழுந்தால் யார் மீதும் கை நீட்டாதீர்கள்.

ஒன்று கவனம். கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிற வெறும் வானம், வெள்ளை வேட்டி மாதிரி வழவழப்பான இடங்களில் பலத்தைக் கூட்டினால் திட்டுத் திட்டாகத் தெரியும். பூமாலை, கூட்டம், சுதைச் சிற்பம் இங்கெல்லாம் கூடுதலாகப் போட்டாலும் கண் எளிதில் கண்டுபிடிக்காது. இடத்துக்கு ஏற்றபடி பலத்தை மாற்றுங்கள், பிரின்டாகப் போகிற படத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள்.

ஆண்டர்சன்_தெரு_அச்சு:
தம்பி, சான்றிதழ் பற்றி நான் சொல்கிறேன், தொழிலே அதுதான். நீ கேட்கிறது ‘வாய்டு’ பேக்கிரவுண்ட். பின்னணி டின்ட் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இரண்டு வகைப் புள்ளி. ‘நகல்’ என்ற எழுத்து இருக்கிற இடத்தில் பெரிய புள்ளி அகலமாகத் தள்ளித் தள்ளி, மீதி இடத்தில் பொடிப் புள்ளி நெருக்கமாக. மை மொத்தத்தில் சமம் என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஜெராக்ஸ் மெஷின் பொடிப் புள்ளியைப் பிடிக்காமல் விட்டுவிடும், பெரிசு மட்டும் நிற்கும், எழுத்து மேலே வந்துவிடும்.

ஆனால் இதை ஆபீஸ் லேசர் பிரின்டரில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று வராதே. ஆஃப்செட்டில் பிளேட் எடுத்து அடிக்க வேண்டும், ஃபைலை ஜேபெக் ஆக்கிக் கொடுத்தால் பொடிப் புள்ளி அப்போதே கரைந்துவிடும். இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன், இப்போது வருகிற நல்ல கலர் மெஷினில் சிலது பின்னணியைச் சுத்தமாகவே காப்பி எடுக்கிறது. மொத்தமாக அடிக்கும் முன்பு சாம்பிள் ஷீட்டை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணிப் பக்கம் கடை கடையாகப் போய் ஜெராக்ஸ் எடுத்துப் பார். எந்த மெஷினில் எழுத்து வருகிறது, எதில் வரவில்லை என்று தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் 25 பிரதிக்கு எம்பாசிங் முத்திரைதான் லாபம். டை ஒரு தடவை செய்தால் ஆயுசுக்கும் வரும். மேட்டை ஜெராக்ஸ் எடுக்க முடியாது, விரலால் தடவினாலே தெரியும். பக்கத்தில் சின்னதாகத் தங்க ஃபாயில் ஒன்று அடித்துக்கொள், காப்பியில் அது மங்கிய பழுப்பாகத்தான் வரும்.

சுண்டல்_பார்சல்:
ரூபாய் நோட்டில் இருக்கிற சின்ன வட்டங்களைப் போட்டால் மெஷினே காப்பி எடுக்காது என்கிறார்களே?

கிண்டி_சிக்னல்:
யூரியன் என்பது அது. ஐந்து வட்டங்களின் அமைப்பு, 2002-இல் மார்க்கஸ் கூன் கவனித்துச் சொன்னது. சில கலர் மெஷின்கள் அதைப் பார்த்து நிற்கும், எல்லா மெஷினும் நிற்காது. அதோடு உங்கள் சான்றிதழை உங்கள் மெஷினே அடிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? நோட்டில் இருப்பதைத் தொடாதீர்கள்.

மாடவீதி_ஒளி:
கலர் லேசர் பிரின்டரே மஞ்சள் புள்ளி போடும் என்று படித்தேன். காலண்டரில் அதைப் பார்த்தால் எங்கே அடித்தது என்று தெரியாதா?

பிக்சல்_பித்தன்:
தெரியாது. அது பல கலர் லேசர் மெஷின்களில் வருவது. 2005-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் உரிமை அமைப்பான இஎஃப்எஃப், ஜெராக்ஸ் நிறுவனத்தின் டாக்யுகலர் மெஷினின் புள்ளிகளை உடைத்துப் படித்தது, 15க்கு 8 கட்டத்தில் தேதி, நேரம், மெஷினின் சீரியல் எண் இருந்தன. ரிச்சி தெருவில் ஒரு நீல எல்இடி டார்ச் வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில பிரின்ட்களில் உங்களுக்கும் தெரியும். ஆனால் காலண்டர் ஆஃப்செட்டில் அடித்தது, அதில் இது இருக்காது. உங்கள் சான்றிதழைக் கலர் ஜெராக்ஸ் எடுத்தார்களே, அதில் வேண்டுமானால் தேடலாம். கிடைத்தாலும் சீரியல் எண்ணிலிருந்து கடையைக் கண்டுபிடிப்பது நம்மால் ஆகிற காரியம் இல்லை.

சான்றிதழில் கியூஆர் போடுகிறவர்களுக்கும் ஒன்று: டிஜிட்டல் கையொப்பம் சேர்த்த கியூஆர், உள்ளே இருக்கிற தகவலை யாரும் மாற்றவில்லை என்பதைத்தான் காட்டும். ஜெராக்ஸ் எடுத்த கியூஆரும் அதே பதிலைத்தான் சொல்லும். ஆகவே எண் 7 இன்று யாரிடம் இருக்கிறது என்று உங்கள் பக்கத்தில் ஒரு பதிவு வைத்து, கியூஆர் அங்கே போகிற மாதிரி செய்யுங்கள். ஒரே எண்ணை இரண்டு பேர் வைத்திருந்தால் வாங்குபவரே உங்களைக் கூப்பிடுவார்.

பாரிமுனை_வழக்கு:
சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் 2012 திருத்தம் 65பி பிரிவைச் சேர்த்தது. உரிமை மேலாண்மைத் தகவலைத் தெரிந்தே அனுமதியில்லாமல் நீக்கினால், மாற்றினால், இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. படைத்தவர் பெயர், உரிமையாளர் பெயர், அவற்றைக் குறிக்கும் எண் எல்லாம் அந்தத் தகவலில் வரும். ஆனால் பயன்படுத்துபவரை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அதில் சேராது என்று வரையறையிலேயே எழுதியிருக்கிறது. வாடிக்கையாளர் தொடர் மட்டும் போட்டு உங்களுக்கு என்று ஒன்றும் போடாவிட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. எல்லாக் காப்பிகளுக்கும் பொதுவாக உங்கள் பெயரைக் குறிக்கிற தொடர் ஒன்றையும் சேருங்கள், ஃபைலுக்குள் பெயர், உரிமை எழுதி வைக்கிற ஐபிடிசி விவரங்களையும் நிரப்புங்கள். வாட்ஸ்அப்பில் அது உதிர்ந்துவிடும், இருந்தாலும் நிரப்புங்கள்.

(மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்று கேட்கிற 65பி வேறு, அது பழைய சாட்சியச் சட்டம். 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. இரண்டையும் குழப்பி நோட்டீஸ் எழுதுகிறவர்கள் இங்கே நிறைய.)

இந்தக் காலண்டருக்கு வாட்டர்மார்க்கே வேண்டாம். உங்கள் ரா ஃபைலில் காலண்டரில் தெரிவதைவிட அதிக இடம் நான்கு பக்கமும் இருக்கும், முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களும் இருக்கும். படம் உங்களுடையது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எது?

மாடவீதி_ஒளி:
எல்லோருக்கும் நன்றி. கிண்டி சார் சொன்ன முறையைத் தம்பி ஒருவரை வைத்து எழுத வைத்தேன். 1600-க்குச் சுருக்கி ஒய்-யில் போட்டது வாட்ஸ்அப்பில் போய் வந்தும் பளிச்சென்று நிற்கிறது, இரண்டு பேருக்கு ஃபார்வர்டு ஆன பிறகும். லேப் பிரின்ட் ஸ்கேனில் கொஞ்சம் குறைந்தாலும் சரியான பெயர்தான் மேலே வருகிறது. எம்பாசிங் டைக்கு அண்ணனிடமே வருகிறேன். காலண்டருக்கு ரா ஃபைலோடு நோட்டீஸ் போகிறது.

ஒன்று பாக்கி. யாராவது ஃபிளெக்ஸ் பேனரில் போட்டால்? அதைப் போய் ஸ்கேன் செய்ய முடியாதே.

கிண்டி_சிக்னல்:
போனிலேயே எடுக்கலாம். முடிந்தவரை நேர் எதிரே நின்று, பேனரின் நான்கு மூலையும் ஃபிரேமில் வருகிற மாதிரி, வெயில் பட்டுப் பளபளக்காத நேரத்தில், காற்றில் உப்பாமல் இருக்கும்போது எடுங்கள். பின்னால் ட்யூப்லைட் இருந்தால் அணைத்த பிறகு. ஃபிளெக்ஸ் பிரின்ட் கரடுமுரடுதான், ஆனால் நாம் எழுதியிருப்பது பெரிய குணகங்களில், அது தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற அளவு உருவம். மடிப்பு இருந்தால் ஹோமோகிராஃபி பத்தாது, பேனரைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக நிமிர்த்த வேண்டும். படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.