அந்தத் திருடனை என்ன செய்திருக்கலாம்?

கயல்: எல்லோரும் இருக்கிறீர்களா? ஒரு உதவி வேண்டும். நாளைக்கு வகுப்பில் கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோட்’ நாவலைப் பற்றிப் பேச வேண்டும். கதைச் சுருக்கம் வேண்டாம், படிக்கும்போது உனக்கு என்ன தோன்றியதோ அதைச் சொல் என்று மிஸ் சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கதிர்: ராத்திரி அழுதாயே, அதையே சொல்

மீனா அத்தை: பேய்க் கதையா?

கயல்: இல்லை அத்தை. உலகமே எரிந்து முடிந்த பிறகு ஒரு அப்பாவும் சின்னப் பையனும் தெற்கே கடலை நோக்கி நடக்கிறார்கள். எங்கும் சாம்பல். எதனால் அழிந்தது என்று கடைசி வரை சொல்லவில்லை. இருவருக்கும் பெயர்கூட இல்லை.

சித்தப்பா: 2006இல் வந்தது. அடுத்த வருடமே புலிட்சர் பரிசு. 2009இல் படமாகவும் எடுத்தார்கள். கயல், ஆரம்பத்தை விட்டுவிடாதே. கடிகாரங்கள் 1:17க்கு நின்றுபோகின்றன. அந்த அப்பா உடனே என்ன செய்கிறார்? குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிக்கிறார். இந்த நேரத்தில் எதற்குக் குளியல் என்று மனைவிக்குப் புரியவில்லை. மின்சாரம் போனால் குழாயில் எவ்வளவு நேரம் தண்ணீர் வரும், சொல்லுங்கள்? பேரிடர்க் கையேடுகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் என்று கணக்கு. நாம் ஏழு பேர், மூன்று நாளுக்கு 84 லிட்டர். யாரிடமாவது இருக்கிறதா?

அம்மா: அதை விடுங்கள். டார்ச் எங்கே?

கதிர்: இருக்கிறது. பேட்டரிதான் இல்லை

மீனா அத்தை: கடிகாரம் என்றதும் ஞாபகம் வந்தது. தாத்தாவின் சுவர்க்கடிகாரம் இப்போது யாரிடம்?

அப்பா: கேட்க வேண்டியவரிடம் கேள்

பெரியப்பா: என்னிடம்தான் இருக்கிறது. ஓடுகிறது.

அம்மா: பிள்ளை ஏதோ கேட்டாள்

கயல்: கடற்கரையில் இவர்கள் தள்ளிவந்த வண்டியை ஒருவன் அப்படியே திருடிக்கொண்டு போகிறான். சாப்பாடு, போர்வை எல்லாம் அதில்தான். துரத்திப் பிடித்ததும் அந்த அப்பா துப்பாக்கியைக் காட்டி அவனுடைய துணிகளை எல்லாம் கழற்ற வைக்கிறார். செருப்பைக்கூட விடவில்லை. அந்தக் குளிரில் அம்மணமாக நிற்க விட்டுவிட்டுப் போய்விடுகிறார். அதுவரை நான் முழுக்க அப்பா பக்கம். நன்றாக வேண்டும் இவனுக்கு என்றுதான் நினைத்தேன். பையன் அழுதுகொண்டே வருகிறான். கொல்ல நினைக்கவில்லை என்கிறார் அப்பா. ஆனால் கொன்றுவிட்டோமே என்கிறான் பையன். அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சித்தப்பா: திரும்பிப் போவார்கள் இல்லையா

கயல்: போகிறார்கள். ஆளைக் காணவில்லை. துணியையும் செருப்பையும் சாலையில் குவித்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வருகிறார்கள். அவன் அதை எடுத்தானா இல்லையா, தெரியாது. அப்பா பையனைச் சாகாமல் பார்த்துக்கொள்கிறார். அந்த அப்பா கெட்டவர் ஆகாமல் பையன் பார்த்துக்கொள்கிறான். இது எனக்கு உறுதி. ஆனால் நீ அந்த அப்பாவாக இருந்தால் என்ன செய்வாய் என்று மிஸ் கட்டாயம் கேட்பார்.

கதிர்: வண்டியை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவேன்

மீனா அத்தை: திரும்ப வந்து எடுப்பானே

கதிர்: துப்பாக்கி இருக்கிறதே

சித்தப்பா: அதில் குண்டு எத்தனை என்று கேள் 🙂 ஆரம்பத்தில் இரண்டு. ஒன்று பையனைக் காப்பாற்றவே போய்விடும். அப்புறம் அந்த ஒன்றையே நம்பி நடக்கிறார்கள். அதனால்தான்

பெரியப்பா: போன பொருள் கைக்கு வந்தால் போதும். அதற்கு மேல் போகக் கூடாது.

அப்பா: சொல்வது சுலபம் அண்ணா. பொருள் போனவனுக்குத்தான் தெரியும்.

அம்மா: குழுவில் வேண்டாம்

மீனா அத்தை: 🙏 இருவரும்

கயல்: பெரியப்பா, அந்தப் பையனும் இதைத்தான் சொல்கிறான். ஆனால் அப்பா சொல்வதும் சரிதான். எல்லாவற்றுக்கும் கவலைப்பட வேண்டியவன் நீ இல்லை என்று அந்த அப்பா கோபத்தில் கத்துகிறார். இல்லை, நான்தான் என்கிறான் பையன். எவ்வளவு சின்னப் பையன்! நாளைக்கு அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மிஸ் கேட்டால், செருப்பை மட்டும் கழற்ற விடமாட்டேன் என்று சொல்லப்போகிறேன்.

அம்மா: நன்றாக இருக்கிறது. சீக்கிரம் தூங்கு

சித்தப்பா: 84 லிட்டருக்கு யாருமே பதில் சொல்லவில்லை

கதிர்: கேன் வாங்கலாமா? எங்கே வைப்பது?

அம்மா: மாடிப்படிக்குக் கீழே இடம் இல்லை

பெரியப்பா: கயல், பேசி முடித்ததும் வாய்ஸ் நோட் அனுப்பு. புத்தகத்தை எனக்கும் கொடு. கடிகாரத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசலாம், நேரில்.

அப்பா: பார்க்கலாம்