மாமாகிட்ட விவாதத்துல ஜெயிச்சுட்டேன், நாலு மாசமா பேச்சே இல்ல. என்ன பண்ணலாம்?

சென்னைவாசி:
எங்க தாய்மாமா தஞ்சாவூர் பக்கம் எட்டு ஏக்கர் நெல்லு போடறாரு, நான் ஐடி வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ திண்ணையில உக்காந்து பேசிட்டிருந்தோம், இயற்கை விவசாயம் பத்தி பேச்சு வந்துச்சு. நம்மாழ்வார் ஐயா பேச்செல்லாம் நிறைய கேட்டவன் நான், யூரியா போட்டு மண்ணைக் கெடுத்துட்டீங்கன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு அவரு மாப்பிள்ளை சம்பா மாதிரி பழைய நெல் ரகம் போட்டா பயிரு உசரமா வளந்து மழைக்குச் சாஞ்சிடும், மூட்டை குறையும், சொசைட்டி கடனை யாரு கட்டுவான்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லல, இப்ப யோசிக்கறப்பதான் தெரியுது. போனை எடுத்து வீடியோ வீடியோவா காட்டினேன், கடைசில "உங்க தலைமுறைக்கு இதெல்லாம் புரியாது மாமா"ன்னுட்டேன். அத்தை காபி டம்ளரோட நிலைப்படியிலயே நின்னுட்டாங்க. மாமா ஒண்ணும் சொல்லாம துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வயப்பக்கம் போயிட்டாரு. அதுலேருந்து என் போனை எடுக்கறதில்ல. என் கருத்து தப்புன்னு இப்பவும் தோணல, ஆனா அவரு பேசாம இருக்கறது தாங்க முடியல. கருத்தையும் விடாம ஆளையும் விடாம எப்படித்தான் பேசறது?

தமிழ்வாத்தியார்:
தம்பி, நன்னூல்ல மதம் ஏழுன்னு ஒரு சூத்திரம் வரும், மதம்னா இங்க கொள்கை. உடன்படல், மறுத்தல் ரெண்டும் நாம தினமும் பண்றதுதான். மூணாவதுதான் விசேஷம், "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு". அடுத்தவரு சொல்றதை மொதல்ல ஏத்துக்கிட்டு அதுக்குள்ள போய் நின்னு பாத்துட்டு, அப்புறமா விலக்கறது. 13ஆம் நூற்றாண்டுல அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார்ங்கற சைவ நூலைப் பரபக்கம், சுபக்கம்னு ரெண்டா பிரிச்சு எழுதினாரு. பரபக்கத்துல உலகாயதன், பௌத்தன்னு ஒவ்வொருத்தர் கொள்கையையும் வரிசையா எடுத்து வெச்சு, மறுத்து, அதுக்குப் பிறகுதான் சுபக்கத்துல தன்னோட கொள்கைக்கே வர்றாரு. எங்க பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி குடுக்கறப்போ நான் இதையே பண்ணச் சொல்வேன், எதிரணி சொன்னதை நீ திருப்பிச் சொல்லு, அவன் "ஆமா, இதத்தான் சொன்னேன்"னு தலையாட்டினப்புறம் உன் பதிலை ஆரம்பின்னு. முதல் வாரம் பாதிப் பிள்ளைங்களால முடியாது, ஏன்னா அவன் பேசறப்போ இவங்க காதே குடுத்திருக்க மாட்டாங்க. உங்க மாமா கடனைப் பத்திக் கேட்டாரு, நீங்க மண்ணைப் பத்திப் பதில் சொல்லிருக்கீங்க.

கயல்:
வாத்தியார் ஐயா சொல்றது சரிதான், ஆனா "தன்மையா பேசணும்"னு யாரு சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கும். மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்தாச்சு. எங்க அம்மா அதைக் கேட்டப்போ குரல் கொஞ்சம் உசந்துடுச்சு, உடனே சொந்தக்காரங்க எல்லாரும் பொம்பளைப்புள்ள இப்படியா கத்தறதுன்னு அதையே ரெண்டு மணி நேரம் பேசினாங்க, பங்கு பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. மரியாதைங்கற பேர்ல கேள்வியையே அமுக்கிட்டாங்க. அதனால குரலை வெச்சு அளக்காதீங்க. 1953ல ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை பெரியார் எவ்ளோ கடுமையா எதிர்த்தாரு, ஒரு சொல்லு மிருதுவா இருந்திருக்குமா? அதே பெரியார் 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்போ, 93 வயசுல, சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டு அழுதாரு. அண்ணா, நீங்க குரலை உசத்தினது தப்பே இல்ல, "புரியாது"ன்னு சொன்னதுதான் தப்பு, அதுக்கு மேல அவரு என்ன பேச முடியும் சொல்லுங்க.

ஆத்தங்கரை விவசாயி:
நானும் டெல்டாதான். உங்க மாமா வயசு ஆளுங்க 60கள்ல அரிசிப் பஞ்சத்தைப் பாத்தவங்க, ஐ.ஆர். எட்டுங்கற குட்டை ரக நெல்லும் யூரியாவும் வந்தப்புறம் வீட்டுல குதிரு நெறஞ்சதைக் கண்ணால கண்டவங்க. அவங்ககிட்ட போய் மண்ணைக் கெடுத்துட்டீங்கன்னு சொன்னா, புள்ள குட்டிக்கு சோறு போட்டதே தப்புன்னு சொல்ற மாதிரிதான் கேக்கும். எனக்கும் மண்ணு செத்துப்போச்சுங்கற கவலை இருக்கு, மண்புழுவையே காணோம், அதனால உங்களை முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். போன்ல எல்லாம் பேசாதீங்க, நேர்ல போங்க, வரப்புல கூட நடங்க. "மாமா, ஒரே ஒரு மா மட்டும் என் பேச்சைக் கேட்டு விடுங்க, நட்டம் வந்தா நான் தர்றேன்"னு கேளுங்க (ஒரு மான்னா ஏக்கர்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு). உங்க கைக்காசு அதுல இருந்தா நீங்களும் யோசிச்சுத்தான் பேசுவீங்க, அவரும் காது குடுத்துக் கேப்பாரு.

சென்னைவாசி:
எல்லாருக்கும் நன்றி. மேட்டூர் தொறந்த வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தேன். போன உடனே "அன்னிக்கு நீங்க கடனைப் பத்திக் கேட்டீங்க மாமா, என்கிட்ட பதில் இல்ல, அதனாலதான் அப்படிப் பேசிட்டேன்"னு சொன்னேன். அவரு பதில் சொல்லாம மம்பட்டியை எடுத்துக்கிட்டு நடந்தாரு, நானும் பின்னாடியே போனேன். மடை கிட்ட நின்னு, ஏக்கருக்கு உழவு, நடவு, உரம், அறுப்புக் கூலின்னு ஒவ்வொண்ணா விரல் விட்டு எண்ணிச் சொன்னாரு, அரை மணி நேரம் நான் வாயே தொறக்கல. நிறைய விஷயம் எனக்குத் தெரியவே இல்ல. அப்புறம் ஒரு மா பத்திக் கேட்டேன். "ஒரு மா முடியாது, சம்பா பட்டத்துக்கு அரை மா தர்றேன், மாப்பிள்ளை சம்பா வேணாம், தூயமல்லி போட்டுப் பாப்போம், களை நீதான் வந்து எடுக்கணும்"னாரு. யூரியா விஷயத்துல இன்னும் ஒத்துக்கல, நானும்தான். தஞ்சாவூர் பக்கம் நல்ல தூயமல்லி விதைநெல்லு யாருகிட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க, அரை மாவுக்குத்தான் வேணும்.