புதிதாக உரிமம் பெற்றவர் காரில் அடையாளப் பலகை வைக்க வேண்டுமா?

திருநகர்வாசி:
என் மகள் சென்ற மாதம் எட்டுப் போட்டுக் காட்டி ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். உரிமம் கைக்கு வந்த அன்றே காரின் முன்னும் பின்னும் இருந்த ‘எல்’ பலகையை எடுத்துவிட்டோம். இப்போது மதுரை திருநகரிலிருந்து பழங்காநத்தம், பெரியார் பேருந்து நிலையம் வழியாகக் கோரிப்பாளையத்தில் உள்ள அலுவலகத்துக்குத் தனியாகவே ஓட்டிச் செல்கிறாள். முதல் வாரத்திலேயே, ஆண்டாள்புரம் பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தபோது, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைப்பதற்குள் கார் பின்னோக்கி உருண்டு, பின்னால் ஒட்டி நின்ற இரு சக்கர வாகனத்தின் முன்சக்கரத்தில் இடித்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்று மாலை அவள் கை நடுங்கியபடி வீடு வந்து சேர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

‘புதிய ஓட்டுநர்’ என்று எழுதி ஓராண்டுக்காவது பின்புறம் வைக்கலாம் என்பது என் எண்ணம். அப்படி எழுதினால் நம் ஊரில் இன்னும் அதிகமாக ஹாரன் அடித்து விரட்டுவார்கள் என்கிறார் என் கணவர். இதைச் சட்டமாகவே கொண்டு வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

பயிற்சி ஆசிரியர், வில்லாபுரம்:
அம்மா, இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பலகை வேண்டும். எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்தை முன்னும் பின்னும் காட்ட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறையக் கூடாது என்றுகூட அளவு குறித்திருக்கிறார்கள். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். தேறிவிட்டால், மறுநாள் முதல் அவரைப் பற்றிப் பிற ஓட்டுநர்களுக்குச் சொல்ல எந்த அடையாளமும் இல்லை.

பயிற்சிக் காரில் என் காலுக்கடியிலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. மாணவர் தடுமாறும்போது நான் மிதித்துவிடுவேன். அவர் தன்னந்தனியாக ஓட்டும் முதல் நாளில் அந்தத் துணை இல்லை என்பதால், ‘எல்’ பலகை இருந்த நாட்களைவிட அதை எடுத்த நாட்களில்தான் அவருக்குப் பின்னால் இடைவெளி அதிகம் தேவைப்படுகிறது. எட்டுப் போடும் மைதானம் சமதளம். பாலத்து ஏற்றத்தை அங்கே யாரும் சோதிப்பதில்லை. ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சைப் பாதி விட்ட நிலையில் வண்டி லேசாக அதிர்வதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அதே பாலத்தில் பத்து முறை செய்தால் பழகிவிடும். பழைய ‘எல்’ பலகையை மட்டும் மீண்டும் ஒட்டாதீர்கள்; அது எல்எல்ஆருக்கு உரியது, வீண் குழப்பம் வரும்.

கே.கே. நகர் வாசகி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. நானும் அப்படி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ஓட்டுவது பெண் என்றும் புதியவர் என்றும் தெரிந்த பிறகு, சுற்றுச்சாலையில் ஒருவர் வேண்டுமென்றே எனக்கு முன்னால் வந்து வந்து பிரேக் போட்டார். அன்றே கிழித்து எறிந்தேன். இன்னொன்றையும் யோசியுங்கள். நான் உரிமம் வாங்கியது 19 வயதில். கார் வாங்கி ஓட்டத் தொடங்கியது 31 வயதில். நம் பக்கத்தில் பலர் இப்படித்தான் அடையாள அட்டைக்காகவாவது உரிமத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உரிமத் தேதியிலிருந்து ஓராண்டு என்று சட்டம் போட்டால், உண்மையில் பழகாத என்னைப் போன்றவர்கள் அதில் அகப்படவே மாட்டோம்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்:
சகோதரிக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது, ஆனால் அப்படிப்பட்டவர் பலகை இல்லாவிட்டாலும் தொல்லை கொடுக்கக்கூடியவர்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். முன்னால் போகிற கார் எந்த நேரத்திலும் காரணமின்றி நிற்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால், நான் கால் பிரேக் மேல் இருக்கும்படியே ஓட்டுவேன். தெரியாதபோது, திறமைசாலி ஓட்டுகிறார் என்று நம்பி நெருங்கிவிடுவேன். சிம்மக்கல்லிலிருந்து ஏ.வி. பாலம் வரை ஊர்ந்து போகும் நேரத்தில் ‘எல்’ பலகையைக் கண்டால் பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு கார் நீளம் விட்டே நின்றேன்.

அண்ணா நகர் வாசகர்:
ஜப்பானில் ஆறாண்டு வேலை பார்த்துத் திரும்பியவன் நான். அங்கே 1972 முதல் புதிய ஓட்டுநர்கள் மஞ்சளும் பச்சையுமான இளந்தளிர் வடிவ அடையாளத்தை முன்னும் பின்னும் ஓராண்டு வைக்க வேண்டும் என்பது விதி. அதைவிட முக்கியமானது, அந்த அடையாளமுள்ள காரை நெருக்கினாலோ குறுக்கே புகுந்தாலோ, நெருக்கியவருக்கே தண்டனை. பிரிட்டனில் பச்சை ‘பி’ பலகை விருப்பத்துக்கு உட்பட்டது. வட அயர்லாந்தில் ‘ஆர்’ பலகை கட்டாயம். மலேசியாவில் ‘பி’ இரண்டாண்டு. கே.கே. நகர் சகோதரியின் அனுபவத்துக்கு விடை ஜப்பானிய விதியில்தான் இருக்கிறது. புதியவர் மீது மட்டும் கடமையைச் சுமத்தி, சுற்றியுள்ளவர்கள் மீது எதையும் சுமத்தாத சட்டம் இங்கே வந்தால், அது அவர்களைக் காட்டிக் கொடுப்பதாகவே முடியும்.

திருநகர்வாசி:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் மூவர் ஓட்டும் கார் என்பதால் ஒட்டாமல், டிக்கிக் கதவில் பதியும் காந்தப் பலகை ஒன்றைச் செய்து வாங்கினோம்; கண்ணாடியை மறைக்கவில்லை, மகள் ஓட்டும்போது மட்டும் வைக்கிறோம். இரண்டு ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாலத்துக்குப் போய், ஆசிரியர் ஐயா சொன்னபடி ஹேண்ட் பிரேக் முறையைப் பழகினாள். பத்து நாளில் ஆட்டோக்களும் பேருந்துகளும் சற்று விலகி நிற்பதைப் பார்க்கிறாள். இரு சக்கர வாகனங்கள் முன்போலவே ஒட்டித்தான் நிற்கின்றன. சட்டம் வந்தால் அது ஜப்பானைப் போல நெருக்குபவரையும் பிடிப்பதாக இருக்க வேண்டும் என்பதில் இப்போது என் கணவரும் நானும் ஒரே கருத்தோடு இருக்கிறோம். பலகையை எடுக்கும் நாளை மகளிடமே விட்டிருக்கிறோம்.