கவுந்தப்பாடி என்று அடித்தால் நின்றுபோன மண்டிக் கணக்கு

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. கணக்குப் புரோகிராம் சி-யில் எழுதியது, லினக்ஸில் ஓடுகிறது. பில்லைத் தமிழில் அடிக்க ஆரம்பித்த பிறகு திடீர் திடீரென்று நின்றுபோனது. காலையில் ஒழுங்காக ஓடும், சாயங்காலம் பாக்கிப் பட்டியல் எடுக்கும்போது விழும். மறுநாள் அதே பட்டியல் சிக்கலில்லாமல் வரும்.

"கரண்டு ஏறி எறங்குதில்லீங்க, கம்ப்யூட்டர் ராமு போயிருக்குமுங்க, மாத்திப் போட்ரலாம்" என்றார் கணக்குப்பிள்ளை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு பிழைகூடக் காட்டவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி கோர் டம்ப்கள்தான், அதாவது புரோகிராம் விழும் நேரத்தில் மெமரி இருந்த நிலையின் நகல்கள். ராம் பழுதென்றால் கண்ட இடத்தில் கெடும். இங்கே விழுந்தபோதெல்லாம் கெட்டிருந்தது விவசாயி ரெக்கார்டில் பாக்கியைக் காட்டும் பாயின்டர், அதாவது பாக்கி மெமரியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி ஒன்றுதான்.

மெமரித் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துப் புரோகிராமை மறுபடி கம்பைல் செய்தோம். விழுந்த இடத்தைச் சொன்னது, கெடுத்த இடத்தைச் சொல்லவில்லை. அது காவல் போடுவது தனித்தனியாக ஒதுக்கிய மெமரித் துண்டுகளுக்கு நடுவில். ஒரே ஸ்ட்ரக்டுக்குள், அதாவது ஒரே ரெக்கார்டுக்குள், ஒரு ஃபீல்டு வழிந்து பக்கத்து ஃபீல்டில் விழுந்தால் அதற்குத் தெரியாது. அதே வேலைக்கான இன்னொரு கருவி வால்கிரைண்டும் அப்படியே. இது தெரியாமல் 'கருவி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நம் கோடு சுத்தம்' என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பாயின்டரின் 8 பைட்டையும் ஜிடிபி என்ற டீபக்கரில் தசம எண்ணாக எடுத்துப் பார்த்தேன்: 159, 224, 174, 191, 0, 85, 0, 0. அந்த 224, 174 கண்ணில் பட்டதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. எழுத்துகளைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (டகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என்று தனித்தனியாக) 3 பைட். 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும். 224, 174, 191 என்பது இகரக் கொக்கி. முன்னால் நிற்கும் 159 டகரத்தின் கடைசி பைட். ஆக, 'டி' என்று முடியும் ஊர்.

பாயின்டருக்கு முந்தைய ஃபீல்டு ஊர்ப்பெயர், 32 பைட். சென்னிமலை 27 பைட், அடங்கிவிடும். கவுந்தப்பாடி 36, பெயர் முடிந்தது என்று காட்ட சி போடும் சுழி பைட்டோடு 37. மிச்சம் 5 பைட்டும் பாயின்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. யாராவது அந்த விவசாயியின் பாக்கியைத் தொடும்வரை ஒன்றும் தெரியாது.

ஊகத்தோடு விடக்கூடாது என்று அந்தப் பாயின்டர் மாறியதும் புரோகிராமை நிறுத்தும் வாட்ச்பாயின்டை ஜிடிபியில் வைத்தோம். எக்ஸ்86 பிராசஸரில் இதற்கென்றே 4 ரிஜிஸ்டர் இருப்பதால் வேகம் குறையவில்லை. முகவரித் திருத்தத்தில் கவுந்தப்பாடி என்று அடித்ததும் ஸ்டிரிங் காப்பி செய்யும் வரியிலேயே வந்து நின்றது.

ஃபீல்டை 128 பைட்டாக்கி, அளவு பார்த்துக் காப்பி செய்ய வைத்தோம். வெட்டும் இடம் ஒரு குறியின் 3 பைட்டுக்கு நடுவில் விழுந்தால் பில்லில் கட்டம் கட்டமாக வரும். அதனால் வெட்டும் இடத்தில் 128 முதல் 191 வரையுள்ள பைட் நின்றால், அந்தக் குறியின் தொடக்கம்வரை பின்னால் வந்து வெட்டச் சொன்னோம். ரெக்கார்டு அளவு மாறியதால் பழைய ஃபைல்களை மாற்றி எழுதியதுதான் நாள் பிடித்த வேலை.