வருகிறேன் என்று சொல்லி வராத நண்பர்கள்

கரைவழி:
சென்ற மாதம் என் தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி, நான்கு பேர் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கல்லூரி நண்பர்கள் பதினான்கு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் கூப்பிய கைகள் பதினொன்று வந்தன. ஆள் ஒருவரும் வரவில்லை. என் திருமணத்தன்று பந்தியில் இலை எடுக்கும் வரை உடனிருந்தவர்கள் இவர்கள். கடைசியில் ரத்தம் கொடுத்தது எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவரின் மகனும், அவன் அழைத்து வந்த மூன்று பையன்களும்தான். அந்தப் பதினான்கு பேரை இனி நண்பர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணல்மேடு:
உங்கள் தந்தை நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. குழுவில் பொதுவாகப் போட்ட செய்தியைப் படிக்கும் ஒவ்வொருவரும், வேறு யாராவது போவார்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆண்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் கொடுக்கவே முடியாது. மேலும், ஒரு மனிதரால் ஏறத்தாழ 150 பேருடன் உறவு பேண முடியும், அவர்களுள் மிக நெருக்கமானவர்கள் ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள் என்கிறார் ராபின் டன்பார் என்ற ஆய்வாளர். பதினான்கு பேரையும் அந்த ஐந்து பேருக்குரிய இடத்தில் வைத்து எதிர்பார்த்தது அவர்கள் குற்றமா?

கரைவழி:
குழுவோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. விடுதியில் மூன்றாண்டுகள் என் அறையில் இருந்தவரைத் தனியாக அழைத்தேன். "காலை எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன்" என்றார். எட்டரைக்கு "கிளம்பிவிட்டேன்" என்றார். பத்து மணிக்கு "போக்குவரத்து நெரிசல்" என்றார். அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை. ரத்த வங்கியின் வாசலில் இருந்த நாற்காலியில், கையில் படிவத்தோடு, லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முதலிலேயே முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் வேறு நான்கு பேரைக் கேட்டிருப்பேன். வராததைக்கூட மன்னித்துவிடலாம், வருகிறேன் என்று சொல்லி என் கையைக் கட்டிப்போட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வேம்படி:
நட்புக்கு அடிக்கடி பழக வேண்டியதில்லை என்பதற்குக் கோப்பெருஞ்சோழன் என்ற மன்னனையும் பிசிராந்தையார் என்ற புலவரையும் எடுத்துக்காட்டுவார்கள். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. ஆனால் வடக்கிருக்க, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட, துணிந்த சோழன், தான் செல்வத்தோடு இருந்த காலத்தில் ஆந்தையார் வராமல் இருந்திருந்தாலும் அல்லற்காலத்தில் வராமல் இருக்கமாட்டார் என்று புறநானூற்றின் 215ஆம் பாட்டில் உறுதியாகச் சொல்கிறான். அவரும் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். திருமண மேடையில் நின்றதை வைத்து நண்பர்களைக் கணக்கிட்ட கரைவழி அவர்கள், சோழனின் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணல்மேடு:
அறைத்தோழரைப் பற்றிச் சொன்னதைப் படித்தபின் அவருக்காக வாதாட எனக்கு வாய் எழவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்பவரை நாமே மரியாதை தெரியாதவர் என்கிறோம். கிளம்பும்போதுகூடப் "போகிறேன்" என்று சொல்லாமல் "வருகிறேன்" என்றுதான் சொல்லப் பழக்கியிருக்கிறோம். ஊசி என்றாலே மயங்கி விழும் ஒருவர், அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய்மேல் பொய்யாக அடுக்கியிருக்கலாம். மற்ற பதின்மூன்று பேரையும் அவரோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். அவர்களிடம் நீங்கள் இன்னும் தனியாகக் கேட்டுப் பார்க்கவில்லை.

கரைவழி:
அது உண்மைதான், தனியாகக் கேட்டது அவர் ஒருவரைத்தான். தந்தையை அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மூன்று மாடி இறக்குவதற்கு ஒருவர் துணை வேண்டும். பதின்மூன்று பேரில் இருவர் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். இன்று இரவு இருவரையும் அழைத்து, வர முடியாவிட்டால் முடியாது என்றே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு நாளையும் நேரத்தையும் சொல்லப்போகிறேன். அறைத்தோழரை அழைக்கமாட்டேன்.